ஸ்டென்ட் வைத்தவர் நடக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஒரு மாதமாகிறது. இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார் டாக்டர். அம்மாவோ மாடிப்படி ஏறக்கூட விடுவதில்லை. அப்பாவும், நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தே இருக்கிறார். பயிற்சி அவசியமா?
- வாசகி, தேனி

பதில்: அவசியம்தான். அம்மாவின் பயம் புரிகிறது, ஆனால் அது 1940களின் வைத்தியம். அப்போது மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை படுக்கவே வைத்திருந்தார்கள், அதனால் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலை அடைத்துப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. லெவைன், லோன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று 1952ல் எழுதியதே அன்று பெரிய துணிச்சல்.

இப்போது முதலில் டிரெட்மில்லிலோ ஆறு நிமிட நடையிலோ எவ்வளவு தாங்குகிறார் என்று பார்ப்பார்கள். அப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள், சுமார் மூன்று மாதம், தேவைப்பட்டால் ஈசிஜி மாட்டியே பயிற்சி. கூடவே சாப்பாடு, மாத்திரை, மனச்சோர்வு எல்லாம் பேசுவார்கள். முதல் நாள் அம்மாவையும் கூட்டிப் போங்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் வாட்ச் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

கெண்டைக்கால் வலியைத்தான் நான் லேசாக விடமாட்டேன். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் அடங்குகிறது என்றால் கால் ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கலாம். கணுக்காலில் பிபி பார்த்துக் கையின் பிபியோடு ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்புதான் (சர்க்கரை இருந்தால் குழாய் கெட்டியாகி எண் ஏமாற்றும், வேறு சோதனையும் வேண்டும்). வேடிக்கை என்னவென்றால், இதற்கும் வைத்தியம் நடைதான். ஓரளவு வலிக்கும் வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இடைவேளையும் சேர்த்து 30 முதல் 60 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரமாவது. மாரடைப்புக்குப் பிறகு என்பதால் இதையும் பயிற்சி மையத்தில் சொல்லித் தொடங்குங்கள், நீங்களாக வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிற்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

சும்மா படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரலில் ஆறாத புண் வந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே ரத்தக்குழாய் நிபுணரைப் பாருங்கள். திடீரென்று கால் ஜில்லிட்டு மரத்துப்போனால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு.