பழைய தேதி போட்டு ஆசிட் பதிவேடு எழுதலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருபது வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். பாத்ரூம் ஆசிட்டும் விற்பேன். மீன்பாடி வண்டி நிறுத்துவதில் பக்கத்துக் கடைக்காரருக்கும் எனக்கும் தகராறு. அவர் கொடுத்த புகாரின் பேரில் போலீசும் வருவாய்த் துறையினரும் வந்து இரண்டு கேன் ஆசிட்டையும், அதிலிருந்து ஊற்றி வைத்திருந்த பாட்டில்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். இந்தத் தெருவில் எல்லோரும்தான் விற்கிறார்கள். என்னை மட்டும் வாடிக்கையாளர்கள் முன்னால் திருடனைப் போல் நிற்க வைத்தார்கள். இப்போது ஏழு நாளில் விளக்கம் கேட்டு கோட்டாட்சியரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னிடம் பதிவேடு கிடையாது. "பழைய தேதி போட்டு ஒரு நோட்டு எழுதிக் கொடுத்துவிடலாம்" என்கிறான் கணக்கு எழுதும் பையன். பக்கத்துக் கடைக்காரர் மீது மானநஷ்ட வழக்குப் போட முடியுமா?

பதில்: பக்கத்துக் கடைக்காரரை விடுங்கள். புகார் பகையால் வந்ததா, பொதுநலத்தால் வந்ததா என்பதைக் கோட்டாட்சியர் பார்க்க மாட்டார். எல்லோரும் விற்கிறார்கள் என்பதும் எடுபடாது. அவர்களுக்கும் இதே நோட்டீஸ் அனுப்பலாம் என்றுதான் அதற்குப் பொருள். சோதனை நடந்த அன்று உங்களிடம் ஆசிட் விற்கும் உரிமம் இருந்ததா, இருப்பை அறிவித்திருந்தீர்களா, விற்பனைப் பதிவேடு இருந்ததா? வழக்கு இதில்தான் இருக்கிறது. பதிவேடு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டும் இல்லை என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. மாநகராட்சி வணிக உரிமமும் ஜிஎஸ்டி பதிவும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் போட்ட உத்தரவு இன்றும் நிற்கிறது. வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், எதற்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் விற்கவே கூடாது. இருப்பை அறிவிக்காவிட்டால் சரக்கு பறிமுதல், அதோடு 50,000 ரூபாய் வரை அபராதம். காரைக்காலில் ஆசிட் வீச்சுக்கு ஆளான இளம் பெண் பொறியாளர் சென்னையில் சிகிச்சை பலனின்றி இறந்ததும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். அதனால், "வெறும் பாத்ரூம் ஆசிட்தானே சார்" என்று விசாரணையில் ஆரம்பிக்காதீர்கள்.

சரி, அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கவலை அதில்தான்.

அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய வியாபாரிகள் குற்றவாளிக் கூண்டில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் இப்படி ஒரு நோட்டால் வந்ததுதான். ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இரண்டு வருட விற்பனை எழுதப்பட்டிருக்கும். தினமும் கடையில் புரளும் நோட்டில் சிமெண்ட் தூசியும் பெயிண்ட் விரல் ரேகையும் இல்லாமல் இருக்குமா? ஒருவர் கொண்டுவந்த நோட்டின் பின்னட்டையில் பேக் செய்த மாதமும் வருடமும் அச்சாகியிருந்தன. முதல் பக்கத்தில் அவர் எழுதியிருந்த தேதிக்குப் பிறகுதான் அந்த நோட்டே தயாராகியிருந்தது. அதிகாரி அட்டையைத் திருப்பிப் பார்த்ததோடு கதை முடிந்தது.

அது தப்பினாலும் மொத்த வியாபாரியின் பில் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை கேன் வந்தது என்பது அதில் இருக்கும், அந்தப் பில்லும் ஜிஎஸ்டி கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும். வந்த கணக்கும் நீங்கள் எழுதும் விற்பனைக் கணக்கும் லிட்டர் லிட்டராகப் பொருந்த வேண்டும். அப்புறம் வாங்கியவர்கள். தெருக்காரர்களின் ஆதார் நகலை வாங்கி, அவர்கள் பெயரில் நீங்களே கையெழுத்துப் போட்டால், அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டாலே போதும். "நான் ஆசிட்டே வாங்கவில்லையே" என்பார். உங்களுக்காக அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அரசு அதிகாரி முன் நடக்கும் விசாரணையில் காட்டுவதற்காகக் கணக்குப் புத்தகத்தில் பொய்ப் பதிவு செய்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 228, 229ஆம் பிரிவுகளின்படி பொய்ச் சாட்சியம் புனைவது. மூன்று ஆண்டு வரை சிறை. நீதிமன்ற வழக்கில் காட்டினால் ஏழு ஆண்டு வரை. அடுத்தவர் கையெழுத்தைப் போட்டால் ஆவண மோசடி தனியாகச் சேரும். இன்று உங்கள் மேல் இருப்பது பணத்தோடு தீரக்கூடிய விவகாரம். அதை நீங்களே ஜெயில் வழக்காக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, பாட்டில்கள். எந்தப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வடசென்னைக் கடைகளில் நான் பார்த்த வரை பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்தான். லேபிள் இல்லாத பாட்டிலை வைத்துக்கொண்டு "தண்ணீர் கலந்தது, வீரியம் இல்லை" என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? வீட்டில் குழந்தை தண்ணீர் என்று எடுத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். விஷப் பொருளை அலட்சியமாகக் கையாண்டு ஆபத்து உண்டாக்கியதாக அதே சட்டத்தின் 286ஆம் பிரிவில் வழக்கு வரும். வழக்கு வராவிட்டாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

என் யோசனை: சண்டை போடாதீர்கள், அபராதத்தைக் கட்டுங்கள். ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம் போனால் அங்கேயும் முதல் கேள்வி "பதிவேடு எங்கே?" என்பதுதான். கெடுவுக்குள் ஒரு பக்கத்தில் பதில் கொடுங்கள். பதிவேடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, இது முதல் முறை, அளவு குறைவு, விற்பனையை நிறுத்திவிட்டேன் என்று எழுதி, மொத்த வியாபாரியின் பில் நகல்களை இணையுங்கள். 50,000 என்பது உச்ச வரம்பு, குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. போலீஸ் தனியாக எஃப்ஐஆர் போட்டிருக்கிறதா என்பதையும் ஸ்டேஷனில் விசாரியுங்கள். போட்டிருந்தால், இந்தப் பதிலில் எழுதும் ஒவ்வொரு வரியும் அங்கேயும் படிக்கப்படும். வக்கீல் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் எதிர்த்து நில்லுங்கள். மகஜரில், அதாவது பறிமுதல் செய்தபோது அதிகாரிகள் எழுதிய பட்டியலில், இரண்டு கேனுக்குப் பதில் அதிகமாக எழுதியிருந்தால் அதை மட்டும் பில்லைக் காட்டி மறுக்கலாம்.

உங்கள் பையன் அந்த நோட்டை ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தால், அதைத் தாக்கல் செய்யாதீர்கள். பயந்துபோய்க் கிழிக்கவோ எரிக்கவோ செய்யாதீர்கள், அது வேறு ஒரு குற்றத்தில் கொண்டுபோய் விடும். எழுதிய மட்டில் நிறுத்தி, அப்படியே உங்கள் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.