அப்பாவின் கருவிப் பெட்டியும் பாட்டியின் தோசைக்கல்லும்: துரு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தந்தையார் செம்பவாங் கப்பல் பட்டறையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். அவர் மறைந்தபின் அவருடைய கருவிப் பெட்டி எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பொருள் வைப்பறையில் பத்தாண்டுக்கும் மேலாகத் திறக்கப்படாமலே கிடந்தது. அண்மையில் திறந்தபோது ஸ்பேனர்கள், உளிகள், அரங்கள், ஓர் இழைப்புளி ஆகிய எல்லாமே செம்பழுப்பாகத் துருவேறியிருந்தன. கடையில் விற்கும் துருநீக்கித் திரவத்தில் ஒரேயடியாக ஊறவைத்துவிடலாமா, ஐயா?
(வாசகி, ஈசூன்)

பதில்: ஊறவைப்பதற்கு முன் ஒருநாள் பொறுங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் வசமிருந்த அந்தப் பட்டறை 1968 டிசம்பரில்தான் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கருவிகளாக இருந்தால், ஸ்பேனர்களில் மில்லிமீட்டருக்குப் பதிலாக விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். அந்த எண்கள் ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிப்பவை அல்ல. அது பொருந்தும் போல்ட்டின் தடிமனைக் குறிப்பவை. தம் பெயரின் முதலெழுத்தைக் கருவியில் குத்தி வைப்பதும் பட்டறைக்காரர்களின் வழக்கம். முரட்டுத்தனமாகத் தேய்த்தாலும் கடுமையான அமிலத்தில் நெடுநேரம் போட்டாலும் துருவோடு இந்த எழுத்துகளும் போய்விடும். ஆகவே மிக மென்மையான வழியில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் அடுத்த வழிக்குச் செல்லுங்கள்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் அழுக்கையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கித் துடைத்துவிட்டு, இயந்திர எண்ணெய் சிறிது தடவி, மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சினால் தேயுங்கள். மேலோட்டமான துரு இதிலேயே நீங்கிவிடும். பாதிக் கருவிகள் இந்த ஒரு வேலையோடு தப்பித்துக்கொண்டாலும் நான் வியப்படைய மாட்டேன். பெயின்ட் பூசிய பழைய பாகங்களை மட்டும் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அக்காலப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம், அந்தத் தூசி மூச்சுக்குள் போகக்கூடாது.

செதிலாகத் தடித்துப்போன துருவுக்கு நான் பரிந்துரைப்பது சிட்ரிக் அமிலம். கேக், ரொட்டி செய்யும் பொருள்களை விற்கும் கடைகளில் அது வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் என்ற அளவில் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, கருவி முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் அழியாத கோடு விழும். அமிலம் துருவைக் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. ஆனால் துரு தீர்ந்ததும் அது நின்றுவிடுவதில்லை. நல்ல இரும்பையும் மெல்ல அரிக்கத் தொடங்கும். எனவே மணிக்கு ஒருமுறை எடுத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பார்த்து, போதுமென்று தோன்றியவுடன் நிறுத்துங்கள். என் தந்தையின் உளி ஒன்றை வினிகரில் போட்டுவிட்டு வெளியூர் போய், மூன்று நாள் கழித்து வந்து பார்த்தபோது அதன் முகமெங்கும் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிகளை எதைக்கொண்டும் நிரப்ப முடியவில்லை. இன்றும் அதைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது.

இதற்குப் பிறகு வரும் அரைமணி நேரம்தான் நம் ஊரில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டிவிடும். அமிலத்திலிருந்து வெளிவந்த இரும்பு எந்தக் காப்பும் இல்லாமல் இருப்பதால், நீங்கள் தொலைபேசியில் பேசிவிட்டு வருவதற்குள் அதன்மேல் மஞ்சள் துரு பூத்துவிடும். ஆகவே வெளியே எடுத்ததும் நீரில் அலசி, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்த கரைசலில் சில நிமிடம் வைத்து அமிலத்தை முறித்து, கை தாங்கும் சூடுள்ள நீரில் மறுபடி அலசித் துணியால் ஒற்றியெடுத்து, முடி உலர்த்தும் கருவியால் இடுக்குகளிலும் சூடான காற்றைச் செலுத்தி, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசிவிடவேண்டும். இவற்றுக்கு இடையில் வேறு வேலைக்குப் போகாதீர்கள். ஒரே தடவையில் பத்துக் கருவிகளை ஊறவைப்பதைவிட, உங்களால் உடனே உலர்த்தி முடிக்கக்கூடிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

உளிகளின் மரக் கைப்பிடிகள் கழன்று வருமானால் கழற்றிவிட்டு ஊறவையுங்கள். இழைப்புளியில் மர உடலைத் தொடாமல் அலகை மட்டும் எடுத்து ஊறவைத்தால் போதும். அரங்களுக்கு இந்த அமிலக் குளியல் இன்னொரு நன்மையும் செய்யும்: பற்களின் இடையிலுள்ள துருவோடு மழுங்கிய ஓரமும் சிறிது கரைவதால், அவை முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். முறுக்கேற்றிய எஃகு வில்சுருள்களை மட்டும் அமிலத்தில் போடவேண்டாம். அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் அத்தகைய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். துத்தநாகம் பூசிய பொருள்களையும் தவிர்த்துவிடுங்கள். துருவுக்கு முன் பூச்சுதான் கரையும்.

பெட்டியில் திரும்ப அடுக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றைப் போட்டு இறுக மூடுங்கள். ஆளி விதை எண்ணெயைப் பயன்படுத்தினால் அந்தத் துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்கவேண்டாம். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகும். குவியலுக்குள் அந்த வெப்பம் தங்கித் தானாகவே தீப்பற்றிய வீடுகள் உண்டு.

கேள்வி: மின்சாரத்தைக் கொண்டு துருவை எடுக்கும் முறையைக் காணொளியில் பார்த்தேன். கார் பேட்டரி சார்ஜர், உப்புத் தண்ணீர், ஒரு எவர்சில்வர் கரண்டி ஆகியவற்றைக் கொண்டு என் சைக்கிளின் பழைய பாகங்களைச் சமையலறையிலேயே சுத்தம் செய்யலாமா?
(தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், ஜூரோங்)

பதில்: முறை நல்லது, நீங்கள் சொன்ன பொருள்களில் சார்ஜரைத் தவிர மற்றவை இரண்டும் ஆபத்தானவை. சாப்பாட்டு உப்பைக் கரைத்து மின்சாரம் செலுத்தினால் குளோரின் வாயு வெளிவரும். எவர்சில்வர் கரண்டியில் குரோமியம் இருக்கிறது. அதை நேர்மின்முனையில் மாட்டினால் ஆறிணைதிறக் குரோமியம் என்னும் நச்சு, புற்றுநோய் விளைவிக்கக்கூடியது, நீரில் கரையும். இந்த இரண்டையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

உப்புக்குப் பதிலாகச் சலவைச் சோடாவை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தைச் சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற சாதாரண இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட வேண்டும். முனைகள் மாறிவிட்டால் உங்கள் சைக்கிள் பாகம்தான் கரைந்துபோகும். இணைத்தபின் இருமுறை சரிபாருங்கள். 12 வோல்ட் போதும். பாகத்தின் மேல் எழும் குமிழ்கள் ஹைட்ரஜன் என்பதால் எரிவாயு அடுப்புள்ள சமையலறையில் இதைச் செய்யவே கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில், தீப்பொறி இல்லாமல், நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நீருக்குள் கைவிடுவதற்கு முன் சார்ஜரை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அலுமினியப் பாகங்களைச் சலவைச் சோடா அரித்துவிடும் என்பதால், உங்கள் சைக்கிளில் எது இரும்பு, எது அலுமினியம் என்பதை ஒரு காந்தத்தால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த முறையின் சிறப்பு, நல்ல இரும்பு ஏறக்குறைய அப்படியே மிஞ்சும் என்பதுதான். வெளியே எடுத்ததும் முதல் பதிலில் சொன்ன உலர்த்தலும் எண்ணெய்ப் பூச்சும் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: பித்தளை விளக்கைப் புளியால் துலக்குவதுபோல, அம்மாவின் பழைய சிங்கர் தையல் இயந்திரத்தையும் புளிக்கரைசலால் துடைக்கலாமா?
(வாசகி, பிடோக்)

பதில்: வேண்டாம். பித்தளையில் இரும்பு இல்லாததால் அது துருப்பிடிப்பதில்லை. அதில் படிவது களிம்பு, அதைப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் எளிதாகக் கரைத்துவிடும். தையல் இயந்திரத்தின் கறுப்பு உடலில் உள்ள பொன்னிறச் சித்திரங்களோ அமிலத்தையும் தாங்கா, முரட்டுத் தேய்ப்பையும் தாங்கா. தையல் இயந்திர எண்ணெயை மென்மையான துணியில் நனைத்து உடலைத் துடையுங்கள். இறுகிப்போன சுழலும் பாகங்களில் அதே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒருநாள் ஊறியபின் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் திருகுகள் இப்படி இறுகுகின்றன. வலிந்து திருப்பினால் தலை முறியும். குரோமியம் பூசிய பளபளப்பான பாகங்களில் சிறு துருப்புள்ளிகள் இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் பூச்சில் கீறல் விழாது.

கேள்வி: பாட்டியின் இரும்புத் தோசைக்கல் துருவேறிவிட்டது. அதை இனிச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: தாராளமாக. விரிசல் மட்டும் இல்லையென்றால் தோசைக்கல் கெட்டுப்போவதே இல்லை. கம்பிப் பஞ்சால் துரு போகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகச் சூடாக்கி, எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை மூன்று, நான்கு முறை செய்தபின் முதல் இரண்டு தோசைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து பரிமாறலாம். உணவுக்குரிய பாத்திரம் என்பதால் கடைத் துருநீக்கிகளை இதற்குப் பயன்படுத்தவேண்டாம்.

கேள்வி: துருவெடுத்த பிறகு மிஞ்சும் நீரை எங்கே ஊற்றுவது? வேலையின்போது கையில் கீறினால் துருவால் இசிவுநோய் (டெட்டனஸ்) வருமா?
(வாசகர், தோ பாயோ)

பதில்: புளோக்கின் கீழே உள்ள திறந்த வடிகாலில் மட்டும் ஊற்றாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்த வடிகால்களில் ஓடும் மழைநீர் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறது. வீட்டுக் கழுவுதொட்டியிலும் கழிவறையிலும் ஊற்றும் நீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போவது. ஆகவே சிட்ரிக் அமிலமோ வினிகரோ கலந்த நீரில் நுரை அடங்கும்வரை ஆப்பசோடா சேர்த்து, நிறைய நீரோடு கழிவறையில் ஊற்றுங்கள். அந்த நேரத்தில் பிளீச் கலந்த எந்தத் துப்புரவுத் திரவத்தையும் அங்கே ஊற்றக்கூடாது, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு எழும்.

இசிவுநோயைத் துரு உண்டாக்குவதில்லை. மண்ணிலும் தூசியிலும் வாழும் ஒரு பாக்டீரியாதான் அதற்குக் காரணம். ஆனால் துருவேறிய பழம்பொருள்களில் மண் ஒட்டியிருப்பது இயல்பு. ஆழமாகக் குத்திய காயத்தில் அது எளிதாகத் தங்கிவிடும். தடிமனான கையுறை அணிந்து வேலை செய்யுங்கள். ஆழமான காயம் பட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, கடைசியாக எந்த ஆண்டில் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.