டாக்டர் எனக்கு மட்டும் ஏன் விளக்கிச் சொல்வதில்லை?

கேள்வி: எனக்கு வயது 64. பத்தாம் வகுப்புவரை படித்தவன். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் நானும் என் நண்பரும் ஒரே டாக்டரிடம்தான் போகிறோம். நண்பர் ஓய்வுபெற்ற பொறியாளர். அவருக்குப் படம் போட்டு விளக்குகிற டாக்டர், என்னிடம் "கிரியாட்டினின் கொஞ்சம் பார்டர்ல இருக்கு, மாத்திரையை விடாம போடுங்க" என்று முடித்துவிட்டார். திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் கவனித்தது வெறும் பிரமை இல்லை. கேள்வி கேட்கிற நோயாளிக்கு டாக்டர்கள் கூடுதலாக விளக்குகிறார்கள், பேசாமல் தலையாட்டுகிறவருக்குச் சுருக்கிவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். படிப்பு, பேச்சு, வயது ஆகியவற்றை வைத்து 'இவருக்கு இவ்வளவு போதும்' என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் யாருக்கு அதிகம் விளக்க வேண்டுமோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. ஒரு நோயாளிக்குச் சில நிமிடம் என்று அளந்து கொடுத்துவிட்டு, அந்த நிமிடங்களில் அவருக்கு என்ன புரிந்தது என்று யாருமே சரிபார்க்காத ஏற்பாட்டில் இது மாறாது. அதனால் நீங்கள்தான் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. நியாயமில்லைதான், ஆனால் அதுதான் நிலைமை.

உங்கள் பயத்துக்கு ஒரே மருந்து, கேள்வியை உங்கள் மேல் போட்டுக் கேட்பது. "நீங்க சரியா சொல்லல" என்றால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். "வீட்டுல போய்த் தப்பா பண்ணிடக் கூடாது டாக்டர், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, மாத்திரையின் பெயர், எத்தனை, எப்போது, எதற்கு என்று உங்கள் வாயாலேயே சொல்லிக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டு நீங்கள் "ம்" என்று சொல்வதால் எதுவும் சரிபார்க்கப்படுவதில்லை.

முக்கியமான கேள்வியை எழுந்திருக்கும்போது கேட்காதீர்கள். 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். ஆகவே உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே "கிரியாட்டினின் பத்தித்தான் இன்னைக்குக் கேக்கணும்" என்று இருக்கட்டும். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்தில் அது கூடினால் வடிகட்டுவது குறைகிறதோ என்று பார்ப்பார்கள்.

பிறகு மூன்று கேள்விகள், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய். என் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) எவ்வளவு, போன முறை எவ்வளவு இருந்தது? சிறுநீரில் புரதம் போகிறதா? இந்த அளவுக்கு என் மாத்திரைகளில் எதையாவது குறைக்க வேண்டுமா? 'பார்டர்' என்ற சொல்லால் உங்களுக்குப் பயன் இல்லை. ஒரே கிரியாட்டினின் அளவு 30 வயதுக்காரருக்கு ஒரு பொருள், உங்கள் வயதில் வேறு பொருள். ஈஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வார்கள். 60க்கு மேலே இருந்தாலும் சிறுநீரில் புரதம் தொடர்ந்து போனால் அதுவும் கணக்கில் வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவராக இருந்தால் ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனதும் அளவை மறுபரிசீலனை செய்வார்கள், 30க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடுவதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். இதைத்தான் உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வேறு சில சொற்களும் காலை வாரும். "பிரஷர் நார்மல்" என்றால் குணமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். மாத்திரை போடுவதால்தான் நார்மல். பரிசோதனை "நெகட்டிவ்" என்றால் தேடிய நோய் தென்படவில்லை என்று பொருள், கெட்ட செய்தி இல்லை. "தேவைப்பட்டா போடுங்க" என்றால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, இரண்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் வராதீர்கள். "ஆபத்து பாதியாக் குறையும்" என்றால் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். நூற்றில் இரண்டு ஒன்றாவதும் பாதிதான், நாற்பது இருபதாவதும் பாதிதான்.

இனி எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம். டாக்டர் விட்ட இடைவெளியில் புகுந்துகொள்ள அறைக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். "ரிப்போர்ட்டைக் கொடுங்க, நான் விளக்குறேன்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து, குறிப்பிட்ட ஒரு லேபில்தான் மறுபடி பார்க்கணும் என்பார்கள். அதற்கடுத்து, கிட்னியைச் சுத்தப்படுத்தும் பவுடர். உண்மையில் விளக்குகிறவர் எதையும் விற்க மாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். அசல் ரிப்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அந்தப் பவுடர்களில் உலோகம் கலந்தவையும் உண்டு, பாதிக்கப்படுவது அதே கிட்னிதான். சந்தேகம் இருந்தால் மருந்தாளுநர் படிப்பு முடித்தவரிடம் கேளுங்கள். கவுண்டரில் நிற்கிற எல்லோரும் அந்தப் படிப்பு படித்தவர்கள் அல்ல.

மாத்திரையை விடாமல் தினமும் போடுவது என்ற பழக்கத்துக்கு ஒரு விலக்கு. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு சில நாள் போட்டாலே எலும்பு மஜ்ஜை முடங்கி உயிர் போகலாம், போயும் இருக்கிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். உங்கள் பட்டியலில் அது இல்லாமல் இருக்கலாம். வீட்டில் யாருக்காவது எழுதியிருந்தால் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் எழுதினால் போதாது, கிழமையின் பெயரையே சீட்டில் எழுதி வாங்குங்கள். கூடவே தருகிற ஃபோலிக் அமிலம் எந்தக் கிழமை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பார்க்க இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே இருக்கக்கூடும், ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

மகனையோ மகளையோ கூட்டிப்போனால் குறிப்பெடுக்க மட்டும் சொல்லுங்கள், நாற்காலியில் டாக்டருக்கு எதிரே நீங்களே உட்காருங்கள். எதிரே இருப்பவரைப் பார்த்துத்தான் அவர் பேசுவார். இரண்டு முறை இப்படிக் கேட்டும் பதில் வராவிட்டால் ரிப்போர்ட்டுகளின் நகலை வாங்கிக்கொண்டு வேறு டாக்டரைப் பாருங்கள். பழைய கிரியாட்டினின் அளவுகள் தேதியோடு கையில் இருந்தால் புதியவர் பாதி வேலையை முதல் நாளே முடித்துவிடுவார்.