தம்பியின் பையில் இருந்த ஊசிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த என் தம்பி போதை ஊசிப் பழக்கத்தோடு ஊர் திரும்பினான். மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். அவன் பழைய பையில் உறை பிரிக்காத ஊசிகள் கிடந்தன. அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தார் கொடுத்தார்களாம். ஊசியையும் கொடுத்துவிட்டு நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?

வாசகி, தக்கலை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த ஊசிகளைக் கொடுத்தவர் உங்கள் தம்பிக்குத் தீங்கு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். நரம்பு கிடைத்ததா என்று பார்க்க ரத்தத்தைச் சற்றே பின்னிழுப்பார்கள். அந்தத் துளி ஊசிக்குள் தங்கி அடுத்தவர் உடம்புக்குப் போகிறது. போதைமருந்தைக் கலக்கிய கரண்டியும் பஞ்சும் பொதுவாக இருந்தாலே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றலாம். 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஊசி விற்பனையை இறுக்கினார்கள். ஹெராயின் நிற்கவில்லை, ஒரே ஊசி பல கைகளுக்கு மாறியது. அங்கே ஒரு மருத்துவரிடம் வந்த ஊசிப் பழக்கமுள்ளவர்களைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

முழுமையாக விடுவதை நான் எதிர்க்கவில்லை. குடியை விட்டவர்கள் ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வதை நம் மாவட்டத்தில் பலமுறை கேட்டு நெகிழ்ந்திருக்கிறேன். ஆனால் முற்றிலும் விட்டவருக்கு மட்டுமே உதவி என்று நிபந்தனை வைப்பதை ஏற்க முடியவில்லை.

எனக்குப் பெரிய கவலை அந்த மூன்று மாதங்களைப் பற்றியது. ஹெராயின் போன்றவற்றை நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு போட்ட அதே அளவை ஒருமுறை போட்டாலும் மூச்சு அடங்கிவிடலாம். மையத்திலிருந்து திரும்பிய முதல் வாரங்களில் மரணங்கள் மிகுவது இதனால்தான். நாவின் அடியில் கரையும் பூப்ரினார்பின் மாத்திரையைத் தினமும் தருவது, கைகால் குடைச்சலையும் ஏக்கத்தையும் அடக்கி, இந்த ஆபத்தைக் குறைக்கிறது. இதுவும் ஹெராயின் போல அபின் வகை மருந்து என்பதால், ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஊசி கொடுப்பதற்கும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்பு தருகிறது.

தம்பியை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்று இந்த மாத்திரை பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். பின்னது இருந்தாலும் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. அதுவரை, திட்டாமல், குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் போட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; உள்ளே மூச்சு அடங்கி விழுந்தால் நீங்கள் உடனே போய்ப் பார்க்க முடிய வேண்டும்.