சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கே: அப்பாவுக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். வழக்கமான சிரிஞ்ச் இல்லையென்று கடையில் ஆரஞ்சு மூடி போட்டதைக் கொடுத்தார்கள். அதிலும் 20 கோடு இருக்கிறதே, அதுவரை இழுக்கலாமா?

ப: கூடாது. முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நம்மூர் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றிருக்கும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் 20-ஆம் கோடு வெறும் 0.2 மில்லி; உங்கள் மருந்தில் அது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார், மறுமாதம் சிவப்பு சிரிஞ்ச் கிடைத்துவிட்டால் அப்பா மயங்கி விழுவார். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். "ஆரஞ்சில் 50 கோடு வரை இழுத்தால் சரியாகிவிடுமே" என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குத் தெரிந்தவர் ஊருக்குப் போன அன்று ஊசி போடுவது வேறொருவர். சுகர் நிற்கவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் பாட்டிலையும் சிரிஞ்சையும்தான் மேசைமேல் வைக்கச் சொல்வேன்.

கே: சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உயிருக்கு ஆபத்தா?

ப: தோலுக்கடியில் போடும் ஊசியில் இல்லை. குமிழி அடைத்த இடத்தில் மருந்து குறையும், அவ்வளவுதான். விரலால் தட்டி, பாட்டிலுக்குள்ளேயே தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள்.

கே: பால்போல் இருக்கும் இன்சுலினைக் குலுக்கலாமா?

ப: குலுக்கினால் நுரைக்கும், அளவு தப்பும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டுங்கள், பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடியில் படிந்தது கலக்காமல் போட்டால் ஒருநாள் டோஸ் நீர்த்திருக்கும், ஒருநாள் கெட்டியாகிவிடும். வெள்ளைக் கட்டிகள் பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். தண்ணீர்போல் தெளிந்த இன்சுலினையும் இந்தப் பால்போன்றதையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கச் சொல்லியிருந்தால் தெளிந்ததுதான் முதலில். கிளார்ஜின் என்ற இன்சுலினை மட்டும் எதனுடனும் கலக்க வேண்டாம். அது அமிலத்தன்மை உள்ளது.

கே: எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

ப: மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணல், நடுவே சின்னச் சட்டி, பாட்டில் அதற்குள், நனையாமல். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். 28 நாளுக்கு மேல் வேண்டாம். ஃப்ரீசரில் உறைந்த மருந்து உருகினாலும் உதவாது.

கே: எடை குறைய பெப்டைடு பவுடர் ஆன்லைனில் வாங்கினேன். நண்பர் "10 யூனிட் போடு" என்கிறார்.

ப: எதில் 10 யூனிட்? இன்சுலினும் 51 அமினோ அமிலம் கோத்த பெப்டைடுதான். ஆனால் யூனிட் கோடு இன்சுலினுக்காகப் போட்டது. 5 மில்லிகிராம் பவுடரில் அவர் 2 மில்லி தண்ணீர் விட்டு, ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் 0.25 மில்லிகிராம். நீங்கள் 1 மில்லி விட்டு, வீட்டில் கிடக்கும் சிவப்பு சிரிஞ்சில் அதே 10 கோடு எடுத்தால் 1.25. ஐந்து மடங்கு! நாள் முழுக்க வாந்திதான். இதுவும் புட்டிக்குள் உண்மையிலேயே 5 மில்லிகிராம் இருந்தால். லேபிளில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று இருக்கும், பாருங்கள். அதைப் போடாதீர்கள், எடைக்கான ஊசி வேண்டுமென்றால் டாக்டர் சீட்டுக்கு, அளவு குறித்த பேனாவாகவே மருந்துக்கடையில் கிடைக்கிறது.