நிபந்தனையும் விருப்பமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (குன்னூர்): எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் 40 பேரைக் காலை, மாலை ஷிப்டுகளில் பிரித்துப் போட வேண்டும். 'இவ்விருவரும் ஒரே ஷிப்டில் கூடாது' என்பது போல, நிபந்தனை ஒவ்வொன்றும் இருவரைப் பற்றியதே. ஒரு லட்சம் கோடிச் சேர்க்கைகளையும் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆளுக்கு இரண்டே தெரிவு, நிபந்தனைக்கு இருவரே என்பதால் இது 2-சாட் (சாட் என்பது எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்று கேட்கும் கணக்கு); ஆட்கள், நிபந்தனைகள் ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில் தீர்க்கும் வழி 1970-கள் முதல் உண்டு. இரவு ஷிப்டும் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. அது, கோட்டால் இணைந்த புள்ளிகள் ஒரே நிறம் பெறாதபடி மூன்று நிறம் தீட்டும் என்பி-முழுமைச் சிக்கலாகிவிடும்; அதாவது, எல்லா நிலைகளிலும் விரைவாகத் தீர்க்கும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத வகை.

கேள்வி (கோத்தகிரி): என் பட்டியலிலும் இருவர் நிபந்தனைகளே, ஆனால் எல்லாம் ஒருசேர நிறைவேறவில்லை. அவற்றை விருப்பங்களாகத் தளர்த்தி, இயன்றவரை அதிகமானவற்றை நிறைவேற்றக் கேட்டேன். வேலை எளிதாகியிருக்க வேண்டுமே, கணினி ஏன் திணறுகிறது?

பதில்: தளர்த்தினால் எளிதாகும் என்ற இந்த எண்ணத்தை எத்தனை முறை மறுத்து எழுதினாலும் அடுத்த தபாலில் அது திரும்பி வந்துவிடுகிறது. கறாரான நிபந்தனைகளில், ஒருவர் காலை என்றால் அடுத்தவர் மாலை, அதனால் மூன்றாமவர் காலை என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய், முதலாமவரை எந்த ஷிப்டில் வைத்துத் தொடங்கினாலும் அவர் எதிர் ஷிப்டுக்கே தள்ளப்படுகிறாரா என்று பார்த்தால் போதும்; தள்ளப்பட்டால் வழியில்லை என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். விருப்பங்களில் அப்படி எழுந்திருக்க முடியாது. எந்தக் கண்ணியை அறுத்தால் மொத்த இழப்பு குறையும் என்று தேட வேண்டும், அங்கே அறுத்தது வேறு சங்கிலிகளின் கணக்கையும் மாற்றும். இது என்பி-கடினம், அதாவது குறைந்தது என்பி-முழுமைச் சிக்கல்கள் அளவுக்காவது கடினம் என 1976-இலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஒரு தொழிற்சாலையில் என்னிடம் கொடுத்த தாளில் 'கட்டாயம்' என்ற தலைப்பின் கீழ் அறுபது வரிகள் இருந்தன. விசாரித்ததில் உண்மையாகவே கட்டாயமானவை பத்துகூட இல்லை, ஒரு வரி ஜன்னலோர நாற்காலியைப் பற்றியது. முதலில் தாளைப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு விருப்பத்துக்கும் எவ்வளவு எடை என்று எழுதுங்கள். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை.

கேள்வி (கூடலூர்): என்பி-முழுமை என்றால் கணினியால் முடியாது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. அது மிக மோசமான நிலையைப் பற்றிய கூற்று. லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட சாட் கணக்குகள் பல அன்றாடம் தீர்கின்றன.

கேள்வி (கொடைக்கானல்): 'மழையென்றால் காலை மேல், வெயிலென்றால் மாலை மேல்' என்ற சார்பு விருப்பங்களைச் சிபி-நெட்டாக (எந்த விருப்பம் எதைச் சார்ந்தது என்று காட்டும் படமாக) வரைந்தேன். மிகச் சிறந்த ஏற்பாடு நொடியில் கிடைக்கிறது. இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடுவது மட்டும் ஏன் இழுக்கிறது?

பதில்: சார்புகளில் சுழற்சியும் தனி நிபந்தனையும் இல்லையென்றால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு மாறிக்கும் விருப்பமான மதிப்பை வைத்தாலே சிறந்தது கிடைத்துவிடும். ஒப்பிடுவதற்கோ, ஒவ்வொரு மாறியாக மாற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும் பாதையைத் தேட வேண்டும். சுழற்சி இல்லாதபோதே அது என்பி-கடினம், பொதுநிலையில் அதைவிடவும் கடினமாகக் கருதப்படும் பிஸ்பேஸ்-முழுமை. உங்கள் படத்தில் சுழற்சி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை; அதைச் சொல்லாமல் இதற்கு மேல் பதில் கேட்காதீர்கள்.