'இன்றைக்கும்' என்றாளே, கவனித்தீர்களா?

கேள்வி: எட்டு மாதங்களாகச் சரியான தூக்கமில்லை. இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கணவருக்குத் தெரியாது, களைத்துத் தூங்குபவரை எழுப்ப மனமில்லை. தண்ணீர் குடிக்க வந்த பத்து வயது மகள்தான் ஒருநாள், "இன்றைக்கும் தூங்கவில்லையா அம்மா?" என்றாள். பகலில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. எதிலும் பிடிப்பில்லை. இது தூக்கக் கோளாறா, மனநோயா? தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும். 'இன்றைக்கும்' என்று கேட்டாளே, அந்த 'உம்' உங்கள் காதில் விழவில்லையா? முதல்முறை பார்த்த குழந்தை 'ஏன் தூங்கவில்லை?' என்றுதான் கேட்கும். 'இன்றைக்கும்' என்றால் நேற்றும் பார்த்திருக்கிறாள், முந்தாநாளும் பார்த்திருக்கிறாள். தாகத்துக்கு எழுந்தாள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நான் நம்பவில்லை. நீங்கள் கதவைத் திறக்கும் ஓசைக்கு அவள் காது பழகிவிட்டது. கணவரின் தூக்கத்தைக் காப்பாற்றப் போய் மகளின் தூக்கத்தை அடமானம் வைத்திருக்கிறீர்கள்.

இந்த மறைப்புக்கு அன்பு என்று பெயர் வைக்காதீர்கள். தன் உடம்புக்கு முடியாததை அவர் எட்டு மாதம் மறைத்திருந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா? பெரியவர்கள் பேசிக்கொள்ளாத பாரம் பிள்ளைகள் தலையில்தான் போய் இறங்கும். இதே கதை எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது.

தூக்கக் கோளாறா, மனநோயா என்று பிரித்துப் பார்க்காதீர்கள். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு நீடித்தாலே அது நாள்பட்ட தூக்கமின்மை. மனச்சோர்வைக் குணப்படுத்தினால் தூக்கம் தானாக வரும் என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் தூக்கமின்மை முந்திக்கொண்டு மனச்சோர்வைக் கூட்டிவருவதும் உண்டு. தூக்கமில்லாதவர்களுக்குப் பின்னாளில் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பிரிட்டனில் 3,755 மாணவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், தூக்கமின்மைக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தார்கள். தூக்கம் சீரானதோடு, பிறர்மீதான வீண் சந்தேகம் என்ற மனச்சிக்கலும் குறைந்தது.

உங்கள் அழுகையும் பிடிப்பின்மையும் மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் மருந்து மாத்திரை அல்ல, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை; அதாவது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி. தூக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து வருகிறீர்களே, அதைத்தான் அங்கேயும் சொல்லித்தருவார்கள். நீங்கள் தெரியாமல் செய்த ஒரே நல்ல காரியம் அது. கண் சொக்கியதும் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும் என்ற மீதிப் பாதியைத்தான் விட்டுவிட்டீர்கள். பகலில் தூங்கி ஈடுகட்டவும் கூடாது.

'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் எந்த இரவில் எட்டிப்பார்த்தாலும் அந்த நிமிடமே கணவரை எழுப்புங்கள். எட்டிப்பார்க்காவிட்டாலும் இன்றிரவு எழுப்புங்கள். ஒரு நாள் தூக்கம் கெட்டால் அவர் ஒன்றும் குறைந்துபோக மாட்டார். காலையில் மகளிடம், "அம்மாவுக்குத் தூக்கம் சரியில்லை, அப்பாவும் நானும் டாக்டரிடம் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அவள் இரவுகளை எண்ணுவதை நிறுத்தட்டும்.